வலது குதிகால்

ஆண்கள் அறுவை வார்டின் பொறுப்பு சிஸ்டருக்கு, அவர் காதில் விழாத இடங்களில் வழங்கிய பெயர் 'முதல்லேருந்து'. எது கோணலாகப் போனாலும் அவர் சத்தம் போடமாட்டார், யார் தலையையும் உருட்டமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேல்கோட்டின் விளிம்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, முதல்லேருந்து பாப்போம்" என்பார். அதைக் கேட்டதும் பாதிப் பேர் மெல்ல நழுவப் பார்ப்பார்கள். முதலிலிருந்து என்றால் அவருக்கு நிஜமாகவே முதலிலிருந்துதான். நோயாளி வார்டுக்கு வந்த அன்று என்ன பார்த்தோம், என்ன கேட்டோம், அதை வைத்து எதைப் பிரச்சினை என்று சொன்னோம், எதற்குள் எது மாறவேண்டும் என்று முடிவு கட்டினோம், அதற்கு என்ன செய்தோம், செய்தது பலித்ததா. நர்ஸிங் படித்த எல்லோரும் இதைப் பரீட்சைக்கு நெட்டுருப் போட்டவர்கள்தான். பரீட்சை முடிந்ததும் பெரும்பாலோர் புத்தகத்தோடு சேர்த்து இதையும் பரணில் ஏற்றிவிட்டார்கள். சிஸ்டர் ஏற்றவில்லை.

கருணை பொங்கி இந்த வேலைக்கு வந்தவரும் அல்ல அவர். அப்பா நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் இயக்கியவர். வீட்டில் மூன்று பெண்கள். நர்ஸிங் பள்ளியில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்று தெரிந்ததும் நடுப்பெண் பெட்டியைக் கட்டினாள். முதல் வருடம் முழுக்க, நோயாளி வாந்தி எடுத்தால் அவளும் கூடவே எடுத்தாள். ஓடிப்போய்விடலாம் என்று இருந்தவளை ஒரு தையல்காரரின் தீக்காயம் பிடித்து நிறுத்தியது. அன்று கட்டைப் பிரித்தபோது, முந்தின தடவை இல்லாத இளஞ்சிவப்புத் தோல் காயத்தின் ஓரத்திலிருந்து ஒரு நகத்தின் அகலத்துக்கு உள்ளே ஊர்ந்து வந்திருந்தது. யாரும் தைக்கவில்லை, யாரும் ஒட்டவில்லை.

"இது தானா வந்துச்சுடி" என்றாள், பக்கத்தில் நின்ற தோழியிடம்.

"பின்ன, நீ கூப்ட்டா வந்துச்சு?" என்றாள் தோழி.

அந்த வியப்பு அதற்குப் பிறகு அவரைவிட்டுப் போகவில்லை. தலையில் நரை எட்டிப்பார்த்த பிறகும், ஒவ்வொரு கட்டைப் பிரிக்கும்போதும் பரிசுப் பொட்டலத்தைப் பிரிப்பவர்போல மூச்சை ஒரு கணம் பிடித்துக்கொள்வார்.

டிரைவரின் வலது குதிகால் விஷயத்தில்தான் அந்த மூச்சு ஒவ்வொரு நாளும் பெருமூச்சாக வெளியே வந்துகொண்டிருந்தது.

டிரைவர் என்பது, நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பு முறிந்து வந்தவர். அறுவை நன்றாக முடிந்து, எலும்பும் கூடிவந்தது. ஆனால் படுத்த படுக்கையில் வலது குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தது. கொப்புளம் புண்ணாயிற்று, புண் குழியாயிற்று, குழியின் ஓரம் கறுத்தது. பல வருடச் சர்க்கரை. இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி கிடையாது. ஊசியால் குத்தினாலும், "எந்தக் கால்ல குத்தினீங்க?" என்று கேட்பவர்.

இடது காலைச் சரிசெய்ய வந்த மனிதர் வலது காலை விட்டுவிட்டுப் போகும் நிலை. அதுவும் படுக்கைப் புண்ணால். படுக்கைப் புண் என்பது டாக்டர் கணக்கில் வராது. நர்ஸுகள் கணக்கில்தான் வரும். அது சிஸ்டருக்குத் தெரியும். அதனால்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அறுவை மருத்துவர் அதிகம் பேசாத பெண்மணி. ரவுண்ட்ஸில் புண்ணைப் பார்த்தார், கையுறையைக் கழற்றினார், சிஸ்டரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"ரத்த ஓட்டம் இருக்கு. சர்க்கரை கட்டுல இருக்கு. கிருமிக்கு மருந்து போய்க்கிட்டிருக்கு. அப்பறம் ஏன் ஆற மாட்டேங்குது?"

"தெரியல, டாக்டர்."

"எலும்பத் தொட்டுட்டா முழங்காலுக்குக் கீழ எடுக்கறதத் தவிர வேற வழி கிடையாது. ரெண்டு வாரம் பொறுத்துப் பாக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க."

என்ன கேட்பது? அதுதான் தெரியவில்லை. செய்யவேண்டியது எல்லாம் செய்தாகிவிட்டது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவைத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஷிப்டிலும் வந்து பார்த்தால் தலையணை ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். குதிகால் மெத்தையில் பதிந்திருக்கும்.

"ஐயா, கால அசைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"நான் அசைக்கவே இல்லம்மா."

"அப்ப தலையணை தானா நடந்து போச்சா?"

"அத அந்தத் தலையணையக் கூப்ட்டு விசாரிங்க."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. கவனிப்புத் திட்டத்தில், பிரச்சினை என்ற இடத்தில், சிஸ்டரே தம் கையால் எழுதினார்: 'சொன்னதைக் கேட்பதில்லை, ஒத்துழைப்புக் குறைவு.' பிரச்சினை அப்படி என்றால் வைத்தியமும் அப்படித்தானே? எடுத்துச் சொல்லவேண்டும். காலை ஷிப்ட் எடுத்துச் சொன்னது. மாலை ஷிப்ட் எடுத்துச் சொன்னது. டிரைவரின் மனைவியிடம் சொல்லி, அந்த அம்மாளும் தம் பங்குக்கு, "ஏங்க, சின்னப் புள்ளயா நீங்க? கால் போனப்பறம் என் தோள்லயா ஏறிக்கப் போறீங்க?" என்று எடுத்துச் சொன்னார். டிரைவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வார்டையே கலகலப்பாக வைத்திருந்த மனிதர் அதற்குப்பின் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில், சிஸ்டரின் கணவர் சாப்பிட்டுக்கொண்டே தம் அன்றைய கதையைச் சொன்னார். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர்.

"ஒரு வீட்டுல பொட்டி குளுர மாட்டேங்குது. கேஸ் மாத்தியாச்சு, மோட்டார் மாத்தியாச்சு. மூணு பேரு பாத்துட்டாங்களாம். நான் என்ன பண்ணேன் தெரியுமா? போன்ல வீடியோவப் போட்டு உள்ள வச்சுக் கதவ மூடிட்டேன்."

"எதுக்கு?"

"மூடினப்பறம் உள்ள லைட்டு அணையுதான்னு பாக்க. அணையல! ராப்பகலா அந்த பல்பு எரிஞ்சு சூடேத்திக்கிட்டே இருந்திருக்கு. வந்தவன் எல்லாம் கதவத் திறந்துதானே பாத்தான். திறந்தா லைட்டு எரியத்தான் செய்யும், அது யாருக்குத் தப்பாத் தோணும்?"

சிஸ்டர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"என்ன, உப்புக் கம்மியா?"

"இல்ல. நாங்களும் பிரிக்கறப்ப மட்டும்தான் பாக்கறோம்."

"எத?"

"கால."

மனைவி சாப்பாட்டு நேரத்தில் புண்ணைப் பற்றிப் பேசுவது கணவருக்குப் பழகிப்போனதுதான். "ரசம் ஊத்து" என்றார்.

மறுநாள் மதியம் சிஸ்டர் ஒரு நாற்காலியைப் போட்டு டிரைவரின் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். மருந்து கொடுக்கவில்லை, கட்டுப் பிரிக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. காலை மூடியிருந்த போர்வையை மட்டும் முழங்கால்வரை மடித்துவிட்டார். தலையணையைச் சரியாக வைத்தார். டிரைவர் அரைத்தூக்கத்தில் இருந்தார்.

அந்தக் கட்டில் இருந்த இடத்தைச் சொல்லவேண்டும். மாடியிலிருந்து இறங்கும் சரிவுப் பாதை, வார்டின் இரட்டைக் கதவு, நடைபாதை மூன்றும் கூடும் முனையில், முதல் கட்டில். மேலேயிருந்து வரும் எந்த ட்ராலியும் அந்தக் கட்டிலின் கால்மாட்டை நோக்கித்தான் இறங்கும். கடைசி நொடியில் வலப்புறம் ஒடித்துத் திரும்பும். துணி ட்ராலி தள்ளும் ஊழியரை எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்று கூப்பிடுவார்கள். காரணம் கேட்கவேண்டியதில்லை.

சரிவின் உச்சியில் சக்கரம் கடகடத்தது. எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தார்.

டிரைவரின் வலது பாதம் அசைந்தது.

மெதுவாக, வெகு நிதானமாக, கெண்டைக்கால் தலையணையிலிருந்து நழுவ, குதிகால் மெத்தையில் ஊன்றியது. விரல்கள் மேலே எழும்பின. ட்ராலி நெருங்க நெருங்கப் பாதத்தின் முன்பகுதி கீழே அழுந்தியது. குதிகாலைச் சுற்றி விரிப்பு சுழித்துச் சுருங்கியது. எக்ஸ்பிரஸ் ஒடித்துத் திரும்பிப் போனார். பாதம் தளர்ந்தது. டிரைவரின் முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை. லேசான குறட்டை வந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். உணர்ச்சியே செத்துப்போன கால். குத்தினால் தெரியாத கால். மருத்துவப் புத்தகம் எதையும் உணராது என்று சொல்லும் கால். அது காதால் பார்த்து, தூரத்தை அளந்து, தூங்கும் மனிதரை எழுப்பாமல் வண்டியை நிறுத்திவிட்டது.

சாப்பாட்டு ட்ராலி வந்தது. பாதம் அதையும் நிறுத்தியது. ஒரு சக்கர நாற்காலி மெதுவாக வந்தது. அதற்குப் பாதி அழுத்தம்தான். ஆக்ஸிஜன் உருளையைத் தடதடவென்று உருட்டிக்கொண்டு ஒருவர் ஓடினார். அதற்குக் கால் முழுக்க விறைத்துத் தலையணை கட்டிலுக்கு வெளியே போய் விழுந்தது.

டிரைவரின் மனைவி பிளாஸ்க்கோடு வந்தபோது சிஸ்டர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, வீட்டுல இவரு தூங்கறப்ப காலு என்ன பண்ணும்?"

"அதுவா?" அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான் சிஸ்டர். தூக்கத்துல பிரேக் போடுவாரு. எங்க வீட்டுல எந்த விரிப்பும் வலது கால் பக்கம்தான் முதல்ல கிழியும். நான் அந்தப் பக்கம் படுக்கறதே இல்ல. எத்தன உதைய வாங்கறது?"

"இத ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே! தூக்கம் வருதான்னு கேட்டீங்க, வருதுன்னேன். தூக்கத்துல பஸ் ஓட்டுவாரான்னு யாரு கேட்டா?"

உண்மைதான். வந்த அன்று கேட்கும் கேள்விகளில் பசி இருந்தது, தூக்கம் இருந்தது, மலச்சிக்கல்கூட இருந்தது. ஒரு மனிதர் முப்பது வருடம் எந்தக் காலால் சோறு சம்பாதித்தார் என்ற கேள்வி இல்லை.

டிரைவர் விழித்ததும் சிஸ்டர் சொன்னார். டிரைவர் நம்பவில்லை. "என்னைப் பொய் சொல்றவன்னு சொன்னீங்க, சரி. இப்பப் பைத்தியம்னு சொல்றீங்களா?" சிஸ்டர் தலைமாட்டை உயர்த்தினார், காலைத் திறந்துவைத்தார், எக்ஸ்பிரஸுக்கு ஆள் அனுப்பினார். வேகமாக வா என்று மருத்துவமனையில் ஒருவர் தம்மிடம் சொன்னது எக்ஸ்பிரஸின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மனிதர் காற்றாய்ப் பறந்து வந்தார்.

டிரைவர் தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவரைக் கேட்காமலே, அது பிரேக்கை மிதித்தது.

கையை நீட்டி முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். 

"இது நான் போடலம்மா."

"தெரியும்யா."

"வண்டிய விட்டு நாலு வருஷமாச்சு. இது இன்னும் டூட்டியில இருக்கே."

"நீங்க சொன்னதக் கேக்காம, நீங்க பேச்சக் கேக்கறதில்லன்னு நான்தான்யா எழுதினேன். தப்பு என்மேலதான். எழுதினத இப்பவே கோடு போட்டு அடிச்சுட்டேன்."

"விடுங்கம்மா" என்றார் டிரைவர், கண்ணைக் காலிலிருந்து எடுக்காமல். "எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?" பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? சின்னப் புள்ளயாம்!"

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் சிஸ்டர் காலியாக இருந்த இருக்கையை விட்டுவிட்டு முன்னால் போய் நின்றார். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஓட்டுநரின் வலது குதிகால் தரையில் ஊன்றியபடியே இருந்தது. முன்பாதம் மட்டும் அங்குமிங்கும் திரும்பியது. வண்டி நிறைய ஆட்கள்; கைக்குழந்தையோடு ஒருத்தி, கண்ணாடிப் பொருள் வைத்த அட்டைப்பெட்டியை மடியில் அணைத்தபடி ஒருவர். அத்தனை உயிரும் அத்தனை கண்ணாடியும் அந்த ஒரு குதிகாலை அச்சாக வைத்துச் சுழல்வதுபோல அவருக்குத் தோன்றியது. எத்தனை வருடமாக இதே பேருந்தில் போய்வருகிறோம், ஒரு நாள்கூடக் கீழே பார்த்ததில்லையே என்று நினைத்தார். ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, எதுவும் விழுந்துடுச்சா?" என்றார்.

பிரச்சினைக்கு இப்போது புதிய பெயர் கிடைத்துவிட்டது: வண்டி வரும் சத்தத்துக்குக் கால் தானாக மிதிப்பதால் குதிகால் உரசுகிறது. இலக்கையும் சிஸ்டர் எளிதாக வைத்தார். புது வெள்ளை விரிப்பு; இரண்டு நாளில் அதில் குதிகால் சுழித்த தடம் இருக்கக்கூடாது. செய்யவேண்டியதும் தெளிவு. கட்டிலை வாசலிலிருந்து எடுத்துக் கோடியில் இருந்த ஜன்னலோரம் போடவேண்டும். ட்ராலி அங்கே வராது.

போட்டார்கள். மறுநாளே விரிப்பு உழுத நிலம்போலக் கிடந்தது.

சிஸ்டர் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தார். நேர் கீழே பேருந்து நிறுத்தம். வண்டிகள் உஸ்ஸென்று காற்றை விட்டு நிற்பதும், ஹாரன் அடித்துக் கிளம்புவதும் கட்டிலருகே தெளிவாகக் கேட்டன.

"டிப்போவுலயே கொண்டுபோய் நிறுத்திட்டீங்களே சிஸ்டர்!" என்று எக்ஸ்பிரஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிரைவர்கூடச் சிரித்தார். ஆனால் கட்டைப் பிரித்தபோது யாரும் சிரிக்கவில்லை. குழியின் அடியில் ஏதோ வெளிறித் தெரிந்தது. இரண்டு வாரத்தில் நான்கு நாள் ஓடிவிட்டது.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல்லேருந்தா?" என்றார் டிரைவர்.

"முதல்லேருந்துதான். ஒண்ணு சொல்லுங்கய்யா. சத்தமே இல்லாத இடத்துல படுக்க வச்சா இது நிக்குமா?"

டிரைவர் யோசித்தார். அவருக்கு இப்போது தம் காலைப் பற்றிப் பேசுவதில் ஒரு மரியாதை வந்திருந்தது, கூட வேலை செய்யும் ஆளைப் பற்றிப் பேசுவதுபோல. "நிக்காதும்மா. சத்தம் இல்லன்னா கனவுல வரும். நான் இத்தன வருஷத்துல ஒருத்தரையும் இடிச்சதில்ல. அது என் சாமர்த்தியம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இதோட சாமர்த்தியம்தான் போல. இது போடாம இருக்காது."

சிஸ்டர் அந்த வார்த்தையை மனசுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தார். போடாமல் இருக்காது. அப்படியானால் போடட்டுமே. நாம் எதற்கு அதை நிறுத்தப் பார்க்கிறோம்? கால் மிதிப்பது அல்ல பிரச்சினை. மிதிக்கும்போது பாரம் குதிகாலில் இறங்குவதுதான் பிரச்சினை. ஊன்றும் இடத்தை மாற்றிவிட்டால் போதும்.

டாக்டர் எது வேண்டுமானாலும் கேட்கச் சொல்லியிருந்தாரே. சிஸ்டர் போய்க் கேட்டார். மாவுக்கட்டு அறையின் ஊழியர் வேண்டும், அவருடைய ஒரு மணி நேரம் வேண்டும். டாக்டர் முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவை தம் வலது காலையே குனிந்து பார்த்துக்கொண்டார். "உணர்ச்சியில்லாத கால், சிஸ்டர். மாவு எங்கயாவது உரசினா அவருக்குத் தெரியாது. புதுசா இன்னொரு புண்ணு வரும்" என்றார்.

"அவருக்குத் தெரியாது. என் விரலுக்குத் தெரியும், டாக்டர். ஒவ்வொரு ஷிப்டும் கழட்டி, ஓரம் பூராத் தடவிப் பாக்கறோம்."

மாவுக்கட்டு ஊழியர் பாதத்தையும் கெண்டைக்காலையும் ஏந்தும்படி ஒரு தொட்டில் செய்தார். உள்ளே பஞ்சு மெத்தை; குதிகால் வரும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஜன்னல்போல வெட்டிவிட்டார். கால் அதில் கிடந்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். மிதித்தால் தொட்டிலே மொத்தமாக அசையும். குதிகாலைக் காற்றைத் தவிர எதுவும் தொடாது.

முதல் நாளே கணுக்காலின் உள்பக்கம் ஒரு சிவப்புத் தடம் வந்தது. விரல் கண்டுபிடித்தது. ஊழியர் அந்த ஓரத்தைச் சீவி, பஞ்சை இரட்டிப்பாக்கினார். மறுநாள் தடம் மறைந்தது. விரல் வைத்துப் பார்ப்பதில் காலை ஷிப்டுக்கும் மாலை ஷிப்டுக்கும் போட்டியே வந்துவிட்டது. டிரைவரின் மனைவியும் கற்றுக்கொண்டார். "முப்பத்தஞ்சு வருஷமா இந்தக் கால் என்னை உதைச்சுது. இப்ப நான் இதுக்குக் காவல்" என்று அலுத்துக்கொள்வார், அலுத்துக்கொண்டே, நகம் பட்டுவிடாமல் விரலின் சதையால் மட்டும் தடவுவார்.

கட்டில் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. ட்ராலிகள் வந்தன. கால் ஒவ்வொன்றையும் நிறுத்தியது. யாரும் அதைத் திட்டவில்லை.

சொன்ன நாளில் டாக்டர் வந்தார். சிஸ்டரே உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். கடைசிச் சுற்றுத் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து, ஓரத்திலிருந்து உரித்தார். மூச்சை வழக்கம்போலப் பிடித்துக்கொண்டார். டிரைவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்திருந்தார், அல்லது அவர் அந்த அம்மாளின் கையை.

கறுத்த ஓரம் இல்லை. குழியின் அடியில், வெளிறிக் கிடந்த இடத்தை மூடிக்கொண்டு, மாதுளை முத்துகளை நெருக்கி அடுக்கியதுபோலச் சிவந்த சதை. ஈரமாக, பளபளவென்று, தொட்டால் ரத்தம் துளிர்க்கும்போல உயிரோடு. யாரும் வைக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. தடையை எடுத்ததோடு சரி, அது பாட்டுக்குக் கீழேயிருந்து ஏறி வந்திருந்தது.

டாக்டர் மெல்லிய கம்பியால் ஆழத்தை அளந்தார். மறுபடியும் ஒரு தடவை அளந்தார். சிஸ்டர் பக்கம் திரும்பி, "நீங்க பாருங்க" என்று இடம் விட்டார். இரண்டு பெண்களும் தலையோடு தலை சேர்த்து ஒரு பெரியவரின் குதிகாலை, கோயில் கருவறையை எட்டிப் பார்ப்பவர்கள்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெட்டப் போறதில்ல" என்றார் டாக்டர்.

டிரைவரின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கி, டாக்டரை விட்டுவிட்டு சிஸ்டரிடம் கேட்டார்.

"கால் இருக்குமாம்மா?"

சிஸ்டருக்கு ஆமாம் என்று சொல்ல ஆசைதான். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் பார்க்காத ஒன்றைச் சொல்லிப் பழக்கமில்லை. ஒரு தடவை சொன்னதற்கே இந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுக்கவேண்டி வந்தது.

"இந்த வாரம் இருக்குய்யா. அடுத்த வாரத்த, அடுத்த வாரம் பாத்துட்டுச் சொல்றேன்."

டிரைவர் தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கண்ணோரத்தில் வழிந்ததை அந்த அம்மாள் முந்தானையால் துடைத்துவிட, "தள்ளு, தெரியுது, நானே தொடச்சுக்கறேன்" என்று அதட்டினார்.

சிஸ்டர் புதுத் துணியை எடுத்துக் குழியை மூடத் தொடங்கினார், கொஞ்சமும் அவசரப்படாமல்.